மருத்துவர் பதில்கள்: அம்மாவிடம் சொல்லலாமா?

கேள்வி: என் தாயாருக்கு வயது 68. கெடாவில் தோட்டத்தில் பால்மரம் சீவி எங்களை வளர்த்தவர். இப்போது பினாங்கில் என்னுடன் இருக்கிறார். அவருக்குப் பெருங்குடலில் புற்றுநோய் என்று கண்டறிந்திருக்கிறார்கள். தமிழைத் தவிர வேறு மொழி அவருக்குச் சரளமாக வராது என்பதால், மருத்துவர் மலாயிலோ ஆங்கிலத்திலோ சொல்வதை நான்தான் தமிழில் எடுத்துச் சொல்கிறேன். ‘குடலில் புண்’ என்பதோடு நிறுத்திக்கொண்டேன். கீமோதெரபி தொடங்கும் முன், தமிழ் தெரிந்த ஒரு தாதியை வைத்துக்கொண்டு அம்மாவிடம் நேரில் பேசப்போவதாக இப்போது மருத்துவர் சொல்கிறார். உண்மை தெரிந்தால் அம்மா இடிந்துபோவார். செலவு செய்பவர்கள் நாங்கள். குடும்ப விஷயத்தில் மருத்துவர் இப்படித் தலையிடுவது நியாயமா?
– ஒரு மகன், ஜெலுத்தோங்

பதில்: நியாயம்தான். அந்த மருத்துவர்மீது எனக்குள்ள குறையெல்லாம், அந்தத் தாதியை அவர் முதல் நாளே அழைக்காமல் விட்டதுதான். நோயாளியின் மொழி தெரியாத மருத்துவர் உடன் வந்த பிள்ளையின் வாயை நம்பிச் சிகிச்சை நடத்துவது நம் நாட்டில் அன்றாடக் காட்சி. பாசமும் பயமும் நிறைந்த பிள்ளை, எதைச் சொல்வது, எதை விழுங்குவது என்பதை அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே தீர்மானித்துவிடுகிறது. உங்கள்மேல் பழி போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. உங்களை அந்த நாற்காலியில் உட்காரவைத்திருக்கவே கூடாது.

சிகிச்சைக்கான ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டியவர் உங்கள் தாயார். சுயநினைவோடும் தெளிவோடும் இருக்கும் வயதுவந்த ஒருவருக்காக அவருடைய கணவரோ பிள்ளையோ ஒப்புதல் தர முடியாது என்பதே மலேசிய மருத்துவ மன்றத்தின் நெறிமுறை. கட்டணத்தை யார் கட்டுகிறார் என்பது இதில் கணக்கில் வராது. குடலில் புண் என்று நம்பிக்கொண்டு ஒருவர் புற்றுநோய் மருந்துக்கு இடும் கையெழுத்தை ஒப்புதல் என்று எப்படிச் சொல்வது?

சட்டமும் இந்தப் பக்கம் வந்து சில காலம் ஆகிவிட்டது. 1982-இல் சாலை விபத்தில் கழுத்தெலும்பு விலகி, அறுவைச் சிகிச்சைக்குப் பின் உடல் செயலிழந்துபோன ஒரு பெண் தொடர்ந்த வழக்கில், நம் கூட்டரசு நீதிமன்றம் 2006 டிசம்பர் இறுதியில்தான் தீர்ப்பளித்தது. நோயாளியிடம் எவ்வளவு சொல்வது என்பதை அதுவரை 1957-ஆம் ஆண்டின் இங்கிலாந்துத் தீர்ப்பு ஒன்றைக் கொண்டு அளந்தார்கள்: மற்ற மருத்துவர்கள் எவ்வளவு சொல்வார்களோ, அவ்வளவு சொன்னால் போதும். அந்த அளவுகோலைக் கைவிட்ட நம் நீதிமன்றம், ஆஸ்திரேலியாவின் உயர் நீதிமன்றம் 1992-இல் காட்டிய வழியை ஏற்றுக்கொண்டது. அங்கே, பழுதான கண்ணில் செய்யும் அறுவைச் சிகிச்சையால் மறு கண்ணுக்கு ஏறத்தாழ 14,000-இல் ஒரு முறை மட்டுமே நேரக்கூடிய ஆபத்தைக்கூட, தம் நல்ல கண்ணைப் பற்றிக் கேட்டுக் கேட்டுக் கவலைப்பட்ட ஒரு பெண்ணிடம் மருத்துவர் சொல்லியிருக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. எது முக்கியம் என்பதை முடிவுசெய்யும் இடத்தில் நோயாளி வந்து அமர்ந்துவிட்டார்.

‘இதெல்லாம் வெள்ளைக்காரர்களின் வழக்கம், நம் குடும்பங்களுக்கு ஒத்துவராது’ என்று நீங்கள் எண்ணக்கூடும். பலர் என்னிடம் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் 1961-இல் சிகாகோவில் மருத்துவர்களிடம் விசாரித்தபோது, பத்தில் ஒன்பது பேர் புற்றுநோயை நோயாளியிடம் பொதுவாகச் சொல்வதில்லை என்றே பதிலளித்தார்கள். 1979-இல் அதே கேள்வியை மறுபடி அமெரிக்காவில் கேட்டபோது, 97 விழுக்காட்டினர் சொல்வதாகக் கூறினார்கள். அவர்களும் நம்மைப் போலவே மறைத்தவர்கள்தாம்.

நடைமுறையில் இன்னொரு காரணமும் இருக்கிறது. மகன் என்ற முறையில் உங்களுக்கு இதுவே பெரிதாகப் படவேண்டும். கீமோதெரபி எடுத்துக்கொள்பவரின் உடலில் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நாள்களில், காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டாலே, நள்ளிரவானாலும் மருத்துவமனைக்கு ஓடவேண்டும். தமக்குப் புண் மட்டுமே என்று நம்பும் தாய் என்ன செய்வார்? இரண்டு பெனடோல் போட்டுக்கொண்டு, உங்களை எழுப்ப மனமில்லாமல் படுத்துவிடுவார். பெருங்குடல் புற்றுநோய்க்குத் தரப்படும் மருந்துகளுள் ஒன்று, குளிர்ந்த நீரைத் தொட்டாலே விரல்களை மரத்துப்போகச் செய்யும். அதையும் வயதின் கோளாறு என்று அவர் யாரிடமும் சொல்லாமல் விட்டுவிடலாம். வீட்டு கிராண்ட் (உரிமைப் பத்திரம்) யார் பெயரில் இருக்கவேண்டும், சேமநிதியில் யாரை நியமித்திருக்கிறார் என்பவை போன்ற, அவரே முடிவுசெய்ய வேண்டிய காரியங்களும் உண்டு.

நோயாளிக்கு அறிந்துகொள்ளும் உரிமை இருப்பதுபோல, அறியாமல் இருக்கும் உரிமையும் உண்டு. எனவே நல்ல மருத்துவர் எடுத்த எடுப்பில் நோயின் பெயரைப் போட்டு உடைக்கமாட்டார். ‘உங்கள் உடம்புக்கு என்ன என்று நினைக்கிறீர்கள்? எல்லாவற்றையும் விவரமாகச் சொல்லட்டுமா, வேறு யாரிடமாவது சொல்ல வேண்டுமா?’ என்று முதலில் கேட்பார். ‘என் மகனிடம் பேசுங்கள் ஐயா, எனக்கு வேண்டாம்’ என்று அவரே சொன்னால், அப்போது உங்களுக்குக் கிடைக்கும் பொறுப்பு அவர் கொடுத்தது. இன்று நீங்கள் வைத்திருப்பது நீங்களாக எடுத்துக்கொண்டது. அந்தப் பேச்சு நடக்கும்போது பக்கத்தில் இருங்கள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், மொழிபெயர்ப்பைத் தாதியிடம் விட்டுவிடுங்கள்.

நான் இளம் மருத்துவராக இருந்தபோது, குடும்பத்தார் ஆறு வாரம் கட்டிக்காத்த இரகசியம் ஒன்றை ஒரு மூதாட்டி எனக்கே சொன்னார். “எல்லாரும் என்கிட்ட மெதுவாப் பேசுறாங்க தம்பி, கேட்டதெல்லாம் வாங்கித் தர்றாங்க. எனக்குத் தெரியாதா? பிள்ளைகளுக்குத் தெரிஞ்சா அழுவாங்கன்னுதான் நான் கேக்கல.”

கேள்வி: மனச்சோர்வுக்காக எங்கள் நிறுவனத்தின் பேனல் கிளினிக்கில் மருந்து பெற்றேன்; இரண்டு நாள் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) கொடுத்தார்கள். மனிதவளப் பிரிவிலிருந்து தொலைபேசியில் கேட்டபோது, கிளினிக் முகப்பில் இருந்தவர் என் நோயைச் சொல்லிவிட்டார். பணம் கட்டுவது நிறுவனம் என்பதால் அவர்களுக்கு அந்த உரிமை உண்டா?
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: இல்லை. எம்.சி. அந்தக் கிளினிக் கொடுத்ததுதானா என்று நிறுவனம் சரிபார்த்துக்கொள்ளலாம். என்ன நோய் என்பதை உங்கள் சம்மதமின்றிச் சொல்லக்கூடாது. முகப்பில் இருப்பவர் வாய்தவறினாலும் பதில் சொல்ல வேண்டியவர் மருத்துவரே. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010, உடல்நலத்தையும் மனநலத்தையும் பற்றிய விவரங்களைத் தனிக் கவனத்துக்குரியவையாக வைத்திருக்கிறது. டெங்கி, காசநோய் போன்றவற்றை 1988-ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டப்படி மருத்துவர் தெரிவித்தே ஆகவேண்டும். அதுவும் சுகாதார அதிகாரிகளுக்குத்தான், உங்கள் மேலாளருக்கு இல்லை. வேலையில் சேருமுன் செய்யும் பரிசோதனை வேறு கதை: அங்கே முடிவை நிறுவனத்துக்குத் தரலாம் என்று நீங்களே ஒரு தாளில் கையெழுத்திடுவீர்கள், பெரும்பாலும் படிக்காமல்.

முதலில் கிளினிக்கின் பொறுப்பு மருத்துவருக்கு, நாளையும் நேரத்தையும் குறிப்பிட்டுக் கடிதம் எழுதுங்கள். சரியான பதில் வராவிட்டால் மலேசிய மருத்துவ மன்றத்துக்கு எழுத்துமூலம் புகார் செய்யலாம். மன்றம் மருத்துவர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம். இழப்பீடு வாங்கித் தராது, அதற்கு நீதிமன்றம்தான் வழி.

கேள்வி: என் கணவரைக் காப்பாற்றிய அரசு மருத்துவமனை மருத்துவருக்குத் தீபாவளிக்குப் பலகாரம் கொடுக்கலாமா?
– இல்லத்தரசி, பட்டர்வொர்த்

பதில்: அரசு ஊழியர்கள் பரிசு பெறுவதற்கு விதிகள் உண்டு, ஆகவே கூடையோ கைக்கடிகாரமோ ஆங்பாவோ (பணம் வைத்த உறையோ) வேண்டாம். ஒரு டப்பா முறுக்கைத் தாதியர் மேசையில் எல்லாருக்கும் பொதுவாக வைத்துவிட்டு வாருங்கள். கணவரின் அடுத்த அப்பாயின்மென்ட் முன்னதாகக் கிடைக்கட்டும் என்ற எண்ணம் மனத்தின் ஓரத்தில் இருந்தால் அதையும் தவிர்த்துவிடுங்கள். அப்படி எண்ணமில்லாமல் வந்த அதிரசம் எதையும் நான் திருப்பி அனுப்பியதில்லை.