பூனை, நாய், வாளி, மணி: ஆங்கில மரபுத்தொடர் கேள்வி பதில்

கேள்வி: 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்கிறார்களே, மழைக்கும் நாய் பூனைக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: மழை கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது, அவ்வளவுதான் பொருள். இதே வடிவத்தில் 1738-லேயே ஆங்கில எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் எழுதியிருக்கிறார். அதற்கும் முன்னால், 1710-ல், லண்டன் மழையைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். அதில் சாக்கடை வெள்ளத்தில் செத்த பூனைகளும் மூழ்கிய நாய்க்குட்டிகளும் அடித்துக்கொண்டு போகும். தொடர் அங்கிருந்துதான் பிறந்தது என்று சொல்ல மாட்டேன். கச்சிதமாக முடிகிற தோற்றக் கதை எதையும் உடனே நம்பாதீர்கள்.

கேள்வி: கூரையில் தூங்கிய நாய்கள் மழையில் வழுக்கி விழுந்ததால் வந்தது இல்லையா?

பதில்: இல்லை. 1999-ல் மின்னஞ்சலில் சுற்றிய புருடா அது. சரிவான ஓலைக்கூரையில் நாய் போய்ப் படுக்குமா?

கேள்வி: 'கிக் தி பக்கெட்', அதாவது 'வாளியை உதைப்பது', தூக்குப் போட்டுக்கொள்வதைக் குறிக்கிறதா?

பதில்: எப்படிச் செத்தாலும் சொல்லலாம். 1785-ல் பிரான்சிஸ் குரோஸின் கொச்சைமொழி அகராதியிலேயே 'சாவது' என்று பொருள் இருக்கிறது. பன்றியை அறுக்கக் காலைக் கட்டித் தொங்கவிடும் கட்டைக்கு இங்கிலாந்தின் சில வட்டாரங்களில் 'பக்கெட்' என்று பெயர். துடிக்கும் கால் அதை உதைக்கும். எனக்குப் பிடித்த விளக்கம் இது, ஆனால் நிரூபணமானதில்லை. நம் 'மண்டையைப் போட்டார்' மாதிரிதான். துக்க வீட்டில் சொல்லித் தொலைக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் ஆசிரியர் கூரைக் கதையைத்தானே சொன்னார்?

பதில்: மேலே அதற்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் எத்தனை மரபுத்தொடர் போடலாம்?

பதில்: பயிற்சி மையத்தில் கேளுங்கள்.

கேள்வி: 'சேவ்ட் பை தி பெல்': உயிரோடு புதைக்கப்பட்டவர் சவப்பெட்டிக்குள்ளிருந்து மணி அடித்ததால் வந்த தொடராமே?

பதில்: மறுபடியும் அதே மின்னஞ்சல்! கடைசி நொடியில் தப்பித்தார் என்று பொருள்; இது குத்துச்சண்டைப் பேச்சு. அந்தக் கால விதிப்படி, விழுந்தவரை நடுவர் பத்து எண்ணி முடிப்பதற்குள் சுற்று முடிகிற மணி அடித்தால் பிழைத்தார்.

கேள்வி: மணி வைத்த சவப்பெட்டிக்குக் காப்புரிமையே இருக்கிறதே ஐயா. மறுக்க முடியுமா?

பதில்: மறுக்கவே இல்லை. 1868-ல் அமெரிக்காவின் நியூவர்க் நகரத்து ஃபிரான்ஸ் வெஸ்டர் வாங்கினார். முகத்துக்கு நேர் மேலே ஒரு குழாய், அதற்குள் ஏணி, கையில் மணிக்கயிறு. முடிந்தால் ஏறி வரலாம், முடியாவிட்டால் மணி அடிக்கலாம்.

கேள்வி: அப்போது நான் சொன்னது சரிதானே?

பதில்: பெட்டி இருந்தது என்பது சரி. தொடர் அதிலிருந்து வந்தது என்பதற்கு அந்தக் காலத்து எழுத்தில் ஒரு வரி காட்டுங்கள், அப்புறம் பேசலாம்.