சிடிடி (கடல்நீரின் கடத்துத்திறன், வெப்பநிலை, ஆழம் ஆகியவற்றை அளக்கும் கருவி) தரவைக் கப்பலிலேயே பார்க்க வேண்டுமா, கரைக்கு வந்தபின் பார்த்தால் போதாதா?

நீங்கள் முதல் ஆய்வுப் பயணத்துக்குத் தயாராகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். "கோப்புகள் பத்திரமாக இருந்தால் ஊருக்கு வந்து நிதானமாகச் செய்யலாமே" என்று கேட்டிருக்கிறீர்கள். இதே வார்த்தைகளை ஒரு காலத்தில் நானும் சொன்னேன் என்பதால் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அரபிக்கடலில் நாங்கள் இறக்கிய கருவியில், நீர் மின்சாரத்தைக் கடத்தும் அளவை வைத்து உவர்ப்பைக் கணிக்க உதவும் கடத்துத்திறன் உணரி ஒன்றே ஒன்றுதான். கப்பலை நிறுத்தி அளக்கும் ஒவ்வொரு நிலையத்திலும் கோப்பைச் சேமித்தோம், நீர்மாதிரிப் புட்டிகளைப் பெட்டியில் அடுக்கினோம், அடுத்த இடத்துக்குப் போனோம். மும்பை திரும்பி, செம்பூரில் இருந்த ஆய்வகத்தில் புட்டிகளின் உவர்ப்பை அளந்தபோதுதான், ஒன்பதாம் நிலையத்திலிருந்து உணரி காட்டிய அளவு 0.04 குறைந்திருப்பது தெரிந்தது. உணரியின் கண்ணாடிக் குழாய்க்குள் நகக்கண் அளவுக்கு ஜவ்வு போன்ற ஏதோ ஒன்று காய்ந்து ஒட்டியிருந்தது. 0.04 சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆழ்கடல் உவர்ப்பு அளவீட்டில் 0.002 துல்லியமே இலக்கு என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஒன்பதாம் நிலையத்தன்று இரவே, வெப்பநிலையை ஓர் அச்சிலும் உவர்ப்பை மற்றோர் அச்சிலும் வைத்து, முந்தைய நிலையத்தின் வளைகோட்டின் மேல் புதியதை வரைந்திருந்தால், ஆழ்நீர்ப் பகுதி விலகி நிற்பது கண்ணில் பட்டிருக்கும். குழாயை ட்ரைட்டான் என்ற சோப்பு போன்ற கரைசலால் அலசி, நன்னீரால் கழுவியிருந்தால், அடுத்த நிலையங்களாவது தப்பியிருக்கும். புட்டிகளை வைத்துப் பின்னர் ஓரளவு திருத்தினோம். ஆனால் புட்டியை மூடி நீர் எடுக்காத ஆழங்களுக்கு அந்தத் திருத்தம் ஊகமே.

தூக்கமில்லாமல் உழைப்பவர்கள் மேல் இதையும் சுமத்துவதா என்று சிலர் கேட்பார்கள். கரையில் செய்ய வேண்டிய இறுதித் திருத்தத்தைக் கப்பலில் முடியுங்கள் என்று நான் சொல்லவில்லை. பிழையைத் திருத்த வாய்ப்பு இருக்கும்போதே பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

இன்னொன்று, மூலக் கோப்பை ஒருபோதும் அழிக்காதீர்கள். நாங்கள் இறக்கியது போன்ற கருவி நொடிக்கு 24 அளவீடுகள் எடுக்கிறது. வெப்பநிலை உணரியும் கடத்துத்திறன் உணரியும் ஒரே நீரை ஒரே கணத்தில் உணர்வதில்லை என்பதால், வெப்பநிலை சட்டென்று மாறும் அடுக்கில் வரைபடத்தில் முள் போன்ற பொய்யான உவர்ப்பு ஏற்ற இறக்கங்கள் எழும்பும். அவற்றைச் சீர்செய்ய அந்த நுண்ணிய அளவீடுகள் தேவை. இடம் மிச்சம் என்று முதலிலேயே மீட்டருக்கு ஒன்றாகச் சராசரி எடுத்துவிட்டால், பிறகு எந்த மென்பொருளாலும் அவற்றைப் பிரித்தெடுக்க முடியாது. சராசரி கடைசி வேலையாக இருக்கட்டும்.