தோள், மார்பு, கழுத்து: மோட்டோகிராஸ் கவசங்கள் பற்றி வாசகர் கேள்விகள்

தியத்தலாவை ஃபாக்ஸ் ஹில் மாதிரியான மண் டிராக்கில் இந்த வருடம் ஓட்ட ஆசை. நண்பர் தன்னுடைய பழைய பிளாஸ்டிக் செஸ்ட் கார்டை, அதாவது மார்புக் கவசத்தை, தருகிறேன் என்கிறார். தோளுக்கும் இரண்டு மூடி இருக்கிறது. இது போதாதா?
– பண்டாரவளை வாசகர்

அந்த கார்டு எதற்காகச் செய்யப்பட்டது என்பதை முதலில் பார்ப்போம். முன்னால் போகிற பைக்கின் பின் டயர் வாரி வீசுகிற மண்ணும் கல்லும் உங்கள் நெஞ்சில் படாமல் தடுப்பதுதான் அதன் வேலை. ஓட்டுபவர்கள் இதை ரூஸ்ட் என்பார்கள். தியத்தலாவை மாதிரி சரளை நிறைந்த டிராக்கில் இது சின்ன விஷயமே இல்லை, ஒரு கல் சரியாகப் பட்டால் மூச்சு நின்றுவிடும். இந்த வகைக் கார்டுக்கு ஐரோப்பாவில் தனித் தரமே உண்டு: இஎன் 14021. ஆனால் அது கல்லுக்கான தரம். நீங்கள் பைக்கிலிருந்து பறந்து தரையில் விழுவதையோ, ஹேண்டில்பார் நெஞ்சில் குத்துவதையோ தாங்கும் என்று அது உறுதி சொல்வதில்லை.

விழும்போது தாங்க வேண்டும் என்றால் வேறு எண்களைத் தேடுங்கள். மார்புக்கு இஎன் 1621-3, முதுகுக்கு 1621-2, தோளுக்கும் முழங்கைக்கும் 1621-1. தோள் பேடைச் சோதிக்கும்போது சுமார் 5 கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போடுவார்கள், அதாவது 50 ஜூல். பேடுக்கு அடியில் வந்து சேரும் விசை சராசரியாக 35 கிலோநியூட்டனுக்குக் குறைவாக இருந்தால் லெவல் 1, இருபதுக்குக் குறைவாக வந்தால் லெவல் 2. முதுகுக்கு அளவுகோல் இன்னும் கடுமை: பதினெட்டும் ஒன்பதும். பேடின் மேலேயே ஒரு பைக் ஓட்டியின் படம், எஸ் என்ற எழுத்து (தோளுக்கானது), ஏ அல்லது பி, லெவல் எண் எல்லாம் அச்சாகியிருக்கும். ஏ என்றால் மூடுகிற பரப்பு குறைவு, பி என்றால் முழு அளவு. வெறும் சிஇ என்ற ஐரோப்பிய முத்திரை மட்டும் இருந்து இந்த எண் எதுவும் இல்லையென்றால், அதை அடி தாங்கும் கவசம் என்று நம்பாதீர்கள்.

பழைய கார்டின் தோள் மூடிகளில் இன்னொரு சிக்கல். அவை ஒரு வாரில் தொங்குகின்றன. தரையில் சறுக்கும்போது மூடி மேலே தூக்கிக்கொண்டு போய்விடும், தோள் வெறுமையாக மண்ணில் உரசும். உடம்போடு ஒட்டிய வலைத்துணிச் சட்டையில் பேடுகள் தைக்கப்பட்டிருக்கும் வகை இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். என் யோசனை இது: லெவல் 2 தோள், முழங்கை, முதுகுப் பேடுகள் உள்ள சட்டையை உள்ளே போடுங்கள், அதன் மேல் ஜெர்சி, அதற்கும் மேல் நண்பரின் கார்டு. பணம் சேர்ந்ததும் கார்டை மாற்றி 1621-3 தரத்தில் ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

நல்ல தோள் பேட்தான் போட்டிருந்தேன். ஒரு சின்ன ஜம்ப்பில் விழுந்ததில் காறை எலும்பு உடைந்துவிட்டது. பேடில் கோளாறா?
– கோயம்புத்தூர் வாசகர்

பேடில் கோளாறு இருக்க வேண்டிய அவசியமே இல்லை. இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கையை உடம்போடு இணைக்கிற ஒரே எலும்பு காறை எலும்புதான், ஊரில் கழுத்துப்பட்டை எலும்பு என்று சொல்வோம். ஒரு முனை தோளின் நுனியில், மறுமுனை நெஞ்செலும்பில். நீங்கள் தோள் நுனி தரையில் படும்படி விழும்போது, உங்கள் உடம்பின் மொத்த எடையும் வேகமும் அந்த எலும்பை இரண்டு முனையிலிருந்தும் நெருக்குகின்றன. எஸ் வடிவத்தில் வளைந்த எலும்பு அது. ஏறக்குறைய ஐந்தில் நான்கு முறிவுகள் நடுப்பகுதியில்தான் நடக்கின்றன, ஏனென்றால் அங்கேதான் அது மெலிந்திருக்கிறது, தசையின் ஆதரவும் அங்கே குறைவு. பேட் என்ன செய்யும்? அடிபட்ட இடத்தில் விசையைப் பரப்பும், கொஞ்சம் தாமதப்படுத்தும். தோல் கிழிவது, ரத்தக்கட்டு, தோள் நுனி நேராகக் கல்லில் மோதுவது, இவற்றில் அதன் பயன் பெரிது. ஆனால் எலும்பின் நீளவாக்கில் ஓடுகிற நெருக்கலை எந்தத் தோள் பேடும் முழுக்க நிறுத்தாது. விற்பவர் அப்படிச் சொன்னால் நம்ப வேண்டாம்.

உச்சத்தில் இருப்பவர்களுக்கும் இதுதான் நிலை. 2015 அமெரிக்க மோட்டோகிராஸ் தொடரில் முதல் ஐந்து ஓட்டங்களையும் வென்றிருந்தார் ஈலை டோமாக். கொலராடோவின் தண்டர் வேலியில் ஆறாவது ஓட்டத்தில் விழுந்து இரண்டு தோள்களிலும் காயம். அந்த ஆண்டுத் தொடர் அவருக்கு அங்கேயே முடிந்தது.

அப்போது எதுதான் உதவும்? விழுகிற விதம் ஓரளவு உதவும். கையை நீட்டி ஊன்றாமல், முகவாயை நெஞ்சோடு சேர்த்து, உருண்டு போகப் பழகுவது. புல்தரையிலோ ஜிம் பாயிலோ பயிற்சியாளரோடு பழகினால் உடம்பு அதை நினைவில் வைத்துக்கொள்ளும். எல்லா விழுதலிலும் இதற்கு நேரம் கிடைக்காது என்பதும் உண்மை.

டிராக்கில் யாருக்காவது காறை எலும்பு உடைந்ததாகத் தெரிந்தால் ஜெர்சியைத் தலை வழியாக இழுக்காதீர்கள், கத்தரியால் வெட்டுங்கள். கையை நெஞ்சோடு சேர்த்துத் துணியால் கட்டிவிடுங்கள். விரல்கள் மரத்துப்போனாலோ, கை வெளிறினாலோ, மூச்சு விடச் சிரமப்பட்டாலோ, உடைந்த முனை தோலைக் கூடாரம் மாதிரித் தூக்கி நின்றாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. கழுத்திலும் அடி இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் மருத்துவக் குழு வரும்வரை ஆளை நகர்த்தாதீர்கள்.

உங்களுக்கு: பெரியவர்களுக்கு எலும்பு கூட ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆவது சாதாரணம். எலும்பை இணைக்க பிளேட் (உலோகத் தகடு) வைத்திருந்தால் வலி சீக்கிரம் போய்விடும், அதுதான் ஆபத்து. வலி இல்லை என்பதற்காகப் பைக்கை எடுக்காதீர்கள், எக்ஸ்ரே பார்த்து மருத்துவர் சரி என்று சொல்ல வேண்டும். பிளேட் இருக்கும்போது மறுபடி விழுந்தால் அதன் ஓரத்தில் புதிதாக உடையலாம், அதைச் சரிசெய்வது முதல் முறிவைவிடக் கடினம்.

வயது 19. இடது தோள் மூட்டு இரண்டு முறை நழுவிவிட்டது. தோளுக்கான பிரேஸ் போட்டுக்கொண்டு ஓட்டலாமா?
– ஓசூர் வாசகர்

முதலில் எலும்பு மருத்துவரிடம் போங்கள், தம்பி. இருபது வயதுக்குள் தோள் ஒருமுறை நழுவினாலே மறுபடி நழுவும் வாய்ப்பு மிக அதிகம். உங்களுக்கு ஏற்கெனவே இரண்டாவது முறை. மூட்டுக் குழியைச் சுற்றியிருக்கும் குருத்தெலும்பு விளிம்பு கிழிந்திருக்கலாம். எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். கிழிந்திருந்தால் எந்த பிரேஸும் அதை ஒட்டிவிடாது.

தோள் பெரும்பாலும் முன்பக்கமாக நழுவும், அதுவும் கை பக்கவாட்டில் உயர்ந்து வெளிப்புறம் திரும்பியிருக்கும்போது. மோட்டோகிராஸில் முழங்கையைத் தூக்கி ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறோம் இல்லையா, அப்போது கை பக்கவாட்டில் உயர்ந்துதான் இருக்கும். பிரேஸ் ஒரு வாரால் கை அந்த எல்லையைத் தாண்டாமல் பிடித்து வைக்கும். அதன் பயன் அவ்வளவுதான். வாரை இறுக்கினால் ஹேண்டில்பாரைத் திருப்ப முடியாது, தளர்த்தினால் வீண். மருத்துவரும் பிசியோதெரபிஸ்ட்டும் ஒப்புக்கொண்ட பிறகு, தோளைச் சுற்றியுள்ள தசைகளைச் சில மாதம் பலப்படுத்திவிட்டு, பிரேஸை ஒரு துணையாகப் போடுங்கள். கவசச் சட்டைக்கு உள்ளே போட்டு, நின்றபடி ஹேண்டில்பாரை அது திரும்புகிற கடைசி எல்லை வரை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்த பிறகே டிராக்கில் இறங்குங்கள்.

நெக் பிரேஸ் (கழுத்தைச் சுற்றிப் போடும் கவசம்) போட்டால் காறை எலும்பு உடையும் என்கிறார்களே?
– ஈப்போ வாசகர்

அளவு தப்பான பிரேஸ் அந்த எலும்பின் மேல் உட்கார்ந்தால் பயப்படத்தான் வேண்டும். தென்னாப்பிரிக்க மருத்துவர் கிறிஸ் லீயட், 2001-இல் சக ஓட்டி ஒருவர் இறந்ததைக் கண்ட பிறகு உருவாக்கத் தொடங்கியதுதான் இன்று நாம் பார்க்கும் இந்த வகை. தலை அளவுக்கு மீறி மடங்கும்போது ஹெல்மெட்டின் விளிம்பு பிரேஸில் முட்டும். விசை கழுத்தின் வழியாகப் போகாமல் நெஞ்சுக்கும் முதுகுக்கும் இறங்கும். ஆகவே பிரேஸ் நெஞ்சிலும் முதுகிலும் தாங்கி நிற்க வேண்டும், காறை எலும்புக்கு மேல் இடைவெளி இருக்க வேண்டும்.

பலர் பிரேஸ் ஒரு கடையிலும் கார்டு இன்னொரு கடையிலும் வாங்குகிறார்கள். இரண்டும் ஒன்றையொன்று முட்டும், தலையைத் திருப்பினால் பிரேஸ் நகரும். இருக்கிற கார்டைக் கடைக்கு எடுத்துப் போங்கள், ஹெல்மெட்டையும்தான். மூன்றையும் போட்டுக்கொண்டு மேலே, கீழே, பக்கவாட்டில் பாருங்கள்.

பையனுக்குப் பத்து வயது. வளர்ந்துவிடுவான் என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கலாமா?
– சேலம் வாசகர்

கூடாது. தளர்ந்த கவசம் விழும்போது சுழன்றுவிடும், தோள் பேட் நெஞ்சுக்கு வந்துவிடும், கார்டின் கீழ் விளிம்பு வயிற்றில் குத்தும். வயதைச் சொல்லி வாங்காதீர்கள். உயரத்தையும் மார்புச் சுற்றளவையும் அளந்து போங்கள். வார்களில் நீட்டிக்க இடமிருக்கும் மாதிரியைத் தேர்ந்தெடுத்தால் ஒரு வருடமாவது வரும். சிறியதாகிவிட்டதை, சேதமில்லை என்றால், இன்னொரு குழந்தைக்குக் கொடுக்கலாம்.

ஏர்பேக் ஜாக்கெட் மோட்டோகிராஸுக்கு வந்துவிட்டதா?
– சென்னை வாசகர்

டக்கார் ராலியில் 2021-இலிருந்து பைக் ஓட்டிகளுக்கு ஏர்பேக் கட்டாயம். சாலைப் பந்தயத்தில், மோட்டோஜிபியில், 2018-இலேயே கட்டாயமாகிவிட்டது. மோட்டோகிராஸின் கதை வேறு. மின்னணு ஏர்பேக் உங்கள் அசைவை அளந்து, இது விபத்துதான் என்று முடிவெடுத்து ஊதுகிறது. ஜம்ப்பிலிருந்து தட்டையாக வந்து இறங்கும்போது உடம்பில் படுகிற அதிர்வு, சாலையில் விழுவதைவிடக் குறைந்ததாக இருக்க வேண்டும் என்பதில்லை. சாதனம் இரண்டையும் பிரித்தறிய வேண்டும். பைக்கோடு கயிற்றால் கட்டுகிற வகை இன்னும் பொருந்தாது, மோட்டோகிராஸில் சீட்டிலிருந்து எழுந்தபடியேதான் ஓட்டுகிறோம்.

எந்த வகை ஓட்டத்துக்கு என்று கையேட்டில் எழுதியிருக்கும். அதில் மோட்டோகிராஸ் பெயர் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். அந்தப் பணத்தில் லெவல் 2 முதுகும் மார்பும், நல்ல ஹெல்மெட்டும் வாங்கலாம், அதுதான் என் தேர்வு.

வெயிலில் இத்தனையையும் போட்டால் மயக்கம் வருகிறது.
– மதுரை வாசகர்

வந்தால் நிறுத்துங்கள். வலைத்துணிச் சட்டை, துளையுள்ள பேட், காற்று புகும் ஜெர்சி என்று மாற்றினால் வித்தியாசம் தெரியும். பயிற்சியைக் காலை ஒன்பதுக்குள் முடியுங்கள், இடைவேளையில் கார்டைக் கழற்றி நிழலில் உட்காருங்கள், உப்புச் சேர்த்த நீர் குடியுங்கள். பேடை மட்டும் கழற்றி வைத்துவிட்டு ஓட்டாதீர்கள். களைத்தவர்தான் அதிகம் விழுகிறார்.

பேடுகளைத் துவைக்கலாமா? எப்போது மாற்றுவது?
– திருச்சி வாசகர்

பேடுகளை உருவிவிட்டுச் சட்டையை மட்டும் துவையுங்கள். பேடை ஈரத்துணியால் துடைத்தால் போதும். பெட்ரோல் படவே கூடாது, வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் போட்டு வைப்பதும் கெடுதல். அழுத்தினால் மென்மையாகவும் அடித்தால் இறுக்கமாகவும் மாறும் வகை நுரைப் பேடுகள் சூட்டிலும் குளிரிலும் குணம் மாறும். லேபிளில் டி-க்குப் பக்கத்தில் கூட்டல் குறி இருந்தால் 40 டிகிரி வெப்பத்திலும் சோதித்தது என்று பொருள். நம் ஊருக்கு அந்தக் குறி உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

பலமாக விழுந்த பிறகு பிளாஸ்டிக் ஓடு இருக்கிற பகுதியை வளைத்து வெளிச்சத்தில் பாருங்கள். விரிசலோ வெண்மையான கோடோ தெரிந்தால் அது முடிந்தது. நுரை அழுத்திய இடத்தில் குழியாகவே நின்றாலும் அப்படித்தான். பேட் மட்டும் தனியாகக் கிடைக்கும், சட்டையோடு சேர்த்து மாற்ற வேண்டியதில்லை.