ஒரு செடியில் 15 கிலோ தக்காளி?

கேள்வி: வீட்டின் பின்புறம் 10 அடிக்கு 4 அடி அளவில் இரண்டு மேட்டுப்பாத்திகள் அமைத்திருக்கிறேன். ‘ஒரு செடியில் 15 கிலோ’ என்ற விளம்பரத்தைப் பார்த்து, இணையத்தில் 299 ரூபாய்க்கு 50 தக்காளி விதைகள் வாங்கினேன். 30 விதைகளை ஊன்றியதில் 5 மட்டுமே முளைத்தன. விற்றவரிடம் கேட்டால், ‘நீங்கள் தண்ணீர் விட்ட விதம் தவறு’ என்கிறார். பணம் திரும்பக் கிடைக்குமா? அதிக மகசூலுக்கு எந்த விதையை வாங்குவது?
– வாசகர், மதுரை

பதில்: மிச்சமிருக்கும் 20 விதைகளை ஊன்றிவிடாதீர்கள். பத்தை எடுத்து ஈரத்துணியில் சுற்றி, துணி காயாமல் நிழலில் வையுங்கள். நல்ல தக்காளி விதை ஒரு வாரத்துக்குள் முளை காட்டிவிடும். தினமும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சான்று பெற்ற தக்காளி விதையின் முளைப்புத்திறன் குறைந்தது 70 சதவீதம் இருக்க வேண்டும். அதாவது பத்துக்கு ஏழு. ஒன்றிரண்டோடு நின்றுவிட்டால் குறை உங்கள் கையில் இல்லை. விதை முளைக்காதபோதெல்லாம் பழியை வளர்த்தவர் தலையில் போடும் பழக்கம் எனக்கு ஆத்திரமூட்டுகிறது. புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் அதை நம்பி, ‘நமக்குக் கைராசி இல்லை’ என்று பாத்தியையே கைவிட்டுவிடுகிறார்கள்.

பொட்டலத்தைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். ரகத்தின் பெயர், குவியல் எண் (‘லாட்’ நம்பர்), முளைப்புத்திறன், பரிசோதனை நாள், காலாவதி நாள் ஆகியவை அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பரிசோதனை நாளிலிருந்து ஒன்பது மாதம்தான் பொதுவாகக் கணக்கு. இந்த விவரங்கள் இல்லாத கண்ணாடித்தாள் பொட்டலத்தை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

முதலில் அந்த இணையதளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதன்பிறகுதான் மாவட்ட நுகர்வோர் ஆணையம். உங்களுடையதைப் போன்ற சிறு தொகைக்கு அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போகலாம். ‘விதை முழுவதையும் விதைத்துவிட்டீர்கள், ஆய்வுக்கு அனுப்ப எதுவும் இல்லை’ என்று தட்டிக்கழிக்கவும் முடியாது. தேசிய விதைக் கழகம் தொடர்பான வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. விற்ற நிறுவனமே தன்னிடமுள்ள மாதிரியைக் கொடுத்து ஆய்வு கேட்டிருக்கலாமே என்றது.

இனி அந்த 15 கிலோவுக்கு வருவோம். பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 தக்காளியை எடுத்துக்கொள்ளுங்கள். தேனிப் பக்கத்து அண்ணாஞ்சி நாட்டு ரகத்திலிருந்து வந்தது, நம் வெயிலுக்குப் பழகியது. ஹெக்டேருக்கு 30 முதல் 35 டன் என்பது அதன் மகசூல். அப்படியென்றால் ஒரு சதுர மீட்டருக்கு மூன்று, மூன்றரை கிலோ. உங்கள் பாத்தி ஒன்று ஏறத்தாழ 3.7 சதுர மீட்டர். இரண்டு அடிக்கு ஒன்றரை அடி இடைவெளியில் 13 செடிகள் பிடிக்கும். 11 முதல் 13 கிலோ கிடைக்கும். செடிக்கு ஒரு கிலோகூட முழுதாக வராது! வீரிய ஒட்டு (‘ஹைபிரிட்’) ரகங்கள் இதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு காய்க்கும்தான். ஆனால் அவற்றுக்குத் தீனியும் நீரும் தவறாமல் கொடுக்க வேண்டும், கொம்பு நட்டுக் கட்ட வேண்டும். விதை எடுத்து வைத்தாலும் அடுத்த முறை அதே குணம் வராது, ஒவ்வொரு பட்டத்துக்கும் காசு கொடுத்தே வாங்க வேண்டும்.

நானாக இருந்தால் ஒரு பாத்தியில்தான் தக்காளி வைப்பேன். மற்றொன்றில் பாதிக்குக் கத்தரி. காய்ப்பு ஓய்ந்ததும் கவாத்து செய்தால், அதாவது கிளைகளை வெட்டிவிட்டால், மறுபடி துளிர்த்துக் காய்க்கும். மீதிப் பாதியில் கீரை. தண்டுக்கீரை 25, 30 நாளில் கைக்கு வந்துவிடும். வேலி ஓரத்தில் ஒரு கோவைக் கொடியின் தண்டை ஊன்றி, சின்னப் பந்தல் போட்டுவிட்டால் விதைச் செலவே இல்லை. விதைக்கு உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தை விசாரியுங்கள். எங்கே வாங்கினாலும் ரசீது கேட்டு வாங்குங்கள். விதை விற்பவர் ரசீது தர வேண்டும் என்பது சட்டம்.

கேள்வி: மண்புழு உரம் ஒரே எடை மூட்டைக்குக் கடைக்குக் கடை விலை வேறாக இருக்கிறது. மலிவானதை வாங்கலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் நீர் சொட்டினால் நீங்கள் தண்ணீருக்கு விலை கொடுக்கிறீர்கள். உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி ஈரப்பதம் 15 முதல் 25 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கருமையாக, உதிரியாக, நாற்றம் இல்லாமல் இருப்பது நல்ல உரம். சாணி வாடை அடித்தால் இன்னும் மக்கவில்லை என்று பொருள். மூட்டையைப் பிரித்துக் காட்ட மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.