படுக்கையில் புரண்டால் தலை சுற்றுகிறது, அரை நிமிடத்தில் நின்றுவிடுகிறது. இது எதனால்? குணமாகுமா?

நீங்கள் எழுதியிருப்பது இதுதான்: அம்மாவுக்கு 61 வயது. படுக்கும்போதும் வலப்பக்கம் புரளும்போதும் அறையே சுழல்கிறது, கொஞ்ச நேரத்தில் தானாக நின்றுவிடுகிறது. பி.பி., சர்க்கரை இரண்டும் சரியாக இருக்கின்றன. வீட்டில் பித்தம் என்கிறார்கள். பார்த்த மருத்துவர் கழுத்து எலும்புத் தேய்மானமாக இருக்கலாம் என்று பட்டை மாட்டச் சொல்லியிருக்கிறார்.

நான் மருத்துவர் இல்லை. என் மாமியாருக்கு இதே தொல்லை வந்து, அவர்களை அழைத்துக்கொண்டு அலைந்து, நிறையப் படித்து, மருத்துவரிடம் நிறையக் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். நீங்கள் சொன்னதில் எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டு: ஒரு குறிப்பிட்ட பக்கம் புரண்டால் வருகிறது, ஒரு நிமிடத்துக்குள் போய்விடுகிறது. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கழுத்தை அல்ல, காதை. மருத்துவர்கள் சீட்டில் பி.பி.பி.வி. என்று எழுதுவார்கள், அதாவது தலையின் நிலை மாறும்போது திடீரென்று வந்து போகும், ஆபத்தில்லாத தலைசுற்றல். தலைசுற்றலிலேயே அதிகம் பேருக்கு வருவது இதுதான். மாத்திரையே இல்லாமல், தலையைச் சரியான வரிசையில் திருப்பியே குணப்படுத்தக்கூடியதும் இதுதான்.

உள்காதில் நமக்குச் சமநிலை தரும் ஓர் அமைப்பு இருக்கிறது. அதில் ஒரு சிறிய பைக்குள், பசை போன்ற படலத்தில், கண்ணுக்குத் தெரியாத கால்சியம் கார்பனேட் துகள்கள் ஒட்டியிருக்கும். தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று மூளைக்குச் சொல்வது இந்தத் துகள்களின் எடைதான். பக்கத்திலேயே திரவம் நிரம்பிய மூன்று அரைவட்டக் குழாய்கள். தலை சுழல்வதை உணர்வது அவற்றின் வேலை. வயதாக ஆக, அல்லது தலையில் அடிபட்டால், துகள்கள் படலத்திலிருந்து கழன்று குழாய்க்குள் விழுந்துவிடுகின்றன. பெரும்பாலும் பின்பக்கக் குழாயில்தான் விழும். அதற்கப்புறம் படுக்கும்போதோ புரளும்போதோ துகள்கள் குழாய்க்குள் சரிந்து, திரவத்தையும் சேர்த்து இழுக்கின்றன. தலை அசையாமல் இருக்கும்போதே ‘சுற்றுகிறோம்’ என்று மூளைக்குத் தகவல் போகிறது. கண்ணும் அதை நம்பி ஓடுகிறது, அறை சுழல்கிறது. துகள்கள் அடியில் போய்ப் படிந்ததும் எல்லாம் நின்றுவிடுகிறது. அரை நிமிடக் கணக்கு இங்கிருந்துதான் வருகிறது.

ஐம்பது வயதுக்கு மேல் இது அதிகம், அதிலும் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். எலும்பு பலவீனம், வைட்டமின் டி குறைவு, ஒற்றைத் தலைவலி, நீண்ட நாள் படுக்கையில் கிடப்பது இவற்றோடும் தொடர்பு உண்டு. பல பேருக்குக் காரணமே தெரியாமல் ஒரு நாள் விடியற்காலை எழும்போது தொடங்கும்.

மற்றத் தலைசுற்றல்களிலிருந்து இதைப் பிரித்துப் பார்ப்பது அவ்வளவு கடினமில்லை. பி.பி. இறங்கி வருவது உட்கார்ந்தோ படுத்தோ இருந்துவிட்டு எழுந்து நிற்கும்போது வரும், கண் இருட்டிக்கொண்டு வரும். படுத்தபடியே புரளும்போது வராது. காது நரம்பு வீக்கத்தில் சுற்றல் மணிக்கணக்கில், நாள்கணக்கில் விடாமல் இருக்கும். மெனியர் நோயில் இருபது நிமிடத்துக்குக் குறையாமல் சுற்றும், கூடவே காது அடைப்பு, இரைச்சல், காது மந்தம். ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு வரும் சுற்றல் பல நிமிடங்களிலிருந்து சில நாள் வரை நீளும். பி.பி.பி.வி.யில் காது கேட்பதில் எந்த மாற்றமும் இருக்காது.

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். சுற்றலோடு வாய் குழறினாலோ, முகம் ஒரு பக்கம் இழுத்தாலோ, கை கால் மரத்தாலோ வலுவிழந்தாலோ, ஒன்று இரண்டாகத் தெரிந்தாலோ, எழுந்து நிற்கவே முடியாமல் சாய்ந்தாலோ, இதுவரை வந்திராத கடுமையான தலைவலி வந்தாலோ, இந்தப் பதிலை மறந்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். அது பக்கவாதமாக இருக்கலாம். படுத்தால் சரியாகும் என்று காத்திருக்கவே கூடாது.

சரி, இது பி.பி.பி.வி. தானா என்று எப்படி உறுதி செய்வது? ஸ்கேன் வேண்டியதில்லை. துகள்கள் ஸ்கேனில் தெரியாது. தேவை ஒரு கட்டிலும், பார்க்கத் தெரிந்த ஒருவரும்தான். என் மாமியாரை முதலில் பார்த்த இடத்தில் கழுத்துக்கு எக்ஸ்ரே எடுத்து, தேய்மானம் என்று பட்டை மாட்டி அனுப்பினார்கள். அறுபது வயதுக்காரர் யாருடைய கழுத்தை எக்ஸ்ரே எடுத்தாலும் தேய்மானம் தெரியத்தான் செய்யும். அதற்காக அதுவே காரணம் என்று ஆகிவிடாது. இது எனக்கு இன்றைக்கும் வருத்தம் தருகிற விஷயம். நம் ஊரில் எத்தனையோ பெரியவர்கள் கழுத்துப் பட்டையோடு மாதக்கணக்கில் சுற்றலைச் சுமந்துகொண்டிருக்கிறார்கள்.

அப்புறம் போனது ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம். அவர் அத்தையைக் கட்டிலில் கால் நீட்டி உட்காரச் சொன்னார். தலையை வலப்பக்கம் பாதி திருப்பி, இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, “கண்ணை மட்டும் மூடாதீங்கம்மா, சுத்தினாலும் என்னையே பாருங்க” என்று சொல்லிச் சட்டென்று பின்னால் சாய்த்தார். தலை கட்டிலின் விளிம்புக்கு வெளியே லேசாகத் தொங்கியது. இரண்டு மூன்று நொடி ஒன்றும் இல்லை. பிறகு அத்தை என் கையை இறுக்கிப் பிடித்தார்கள். மருத்துவர் என்னையும் குனிந்து கண்ணைப் பார்க்கச் சொன்னார். கருவிழி இரண்டும் சுழன்று சுழன்று, நெற்றிப் பக்கமாக வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் வேகம் குறைந்து நின்றன. “இதுதான், வலது காது” என்றார். அந்தக் கண்ணசைவைப் பார்த்த பிறகு, இது மனப்பிரமையோ பலவீனமோ இல்லை என்று வீட்டில் யாருக்கும் நான் விளக்கத் தேவைப்படவில்லை.

இந்தச் சோதனையை டிக்ஸ், ஹால்பைக் என்ற இருவர் 1952-இல் விவரித்து எழுதினார்கள். அவர்களுக்கும் முன்னோடி ராபர்ட் பாரனி. வியன்னாவில் காது மருத்துவராக இருந்தவர். நோயாளியின் காதைத் தண்ணீரால் கழுவும்போது, தண்ணீர் குளிர்ந்திருந்தால் கண் ஒரு பக்கமும், சூடாக இருந்தால் எதிர்ப்பக்கமும் ஓடுவதைக் கவனித்தார். உள்காது பற்றிய அந்த ஆராய்ச்சிக்கு 1914-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது. செய்தி வந்தபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதி.

சிகிச்சையும் அதே கட்டிலில்தான். அமெரிக்காவின் போர்ட்லாந்தைச் சேர்ந்த ஜான் எப்லி என்ற மருத்துவர் கண்டுபிடித்த முறை. வளைந்த குழாய்க்குள் விழுந்த குண்டுமணியைக் குழாயைச் சாய்த்துச் சாய்த்து வெளியே உருட்டுவது போல, தலையைத் திருப்பித் திருப்பித் துகள்களைப் பழைய பைக்கே கொண்டுபோய்விடுவது. கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் அவர் சொன்னபோது சக மருத்துவர்கள் பல வருடம் நம்பவில்லை. விரிவான கட்டுரையாக வெளியானது 1992-இல்தான். வலது காது என்றால் வரிசை இப்படி: தலை வலப்பக்கம் பாதி திரும்பிய நிலையில் படுக்க வைத்து, சுற்றல் நிற்கும்வரை காத்திருப்பார்கள். தலையை மட்டும் மெதுவாக இடப்பக்கம் திருப்பி மறுபடி காத்திருப்பு. பிறகு உடம்பையும் சேர்த்து இடப்பக்கம் ஒருக்களிக்க வைத்து, மூக்கு தரையைப் பார்க்கும்படி தலையைத் திருப்பி இன்னும் ஒரு காத்திருப்பு. கடைசியில் அப்படியே பக்கவாட்டில் எழுப்பி உட்கார வைப்பார்கள். ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம். மொத்தம் ஐந்து நிமிடம்கூட ஆகாது. பத்தில் எட்டுப் பேருக்கு ஒரே தடவையில் சரியாகிவிடும், மீதிப் பேரில் பலருக்கு மறுபடி செய்தால் சரியாகும். அத்தைக்கு அடுத்த முறை போனபோது இன்னொரு தடவை செய்தார்கள். அதோடு சுற்றல் நின்றது. இரண்டு மூன்று நாளைக்கு ஒரு மிதப்பு மட்டும் இருந்தது, அதுவும் வழக்கமாக வருவதுதான் என்றார்கள்.

யூடியூபில் பார்த்து வீட்டிலேயே செய்யலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். முதல் தடவை வேண்டாம் என்பேன். எந்தக் காது, எந்தக் குழாய் என்று தெரியாமல் செய்தால் பயன் இருக்காது. துகள் கிடைமட்டக் குழாயில் இருந்தால் முறையே வேறு. கழுத்தில் டிஸ்க் பிரச்சினை, கழுத்து ரத்தக்குழாய் அடைப்பு, அண்மையில் கண் அறுவை சிகிச்சை இதெல்லாம் இருப்பவர்களுக்கு மருத்துவர் பார்த்து முறையை மாற்றிக்கொள்வார். ஒரு தடவை கற்றுக்கொடுத்துவிட்டார்கள் என்றால் பிறகு வீட்டில் செய்துகொள்ளலாம், துணைக்கு ஒருவர் இருக்கட்டும்.

மாத்திரை பற்றி. பீட்டாஹிஸ்டின், சின்னரிசின், ஸ்டெமெடில் இவை மருந்துக்கடையில் தலைசுற்றல் என்றாலே கிடைத்துவிடுகின்றன. இந்த நோயில் இவை எதுவும் துகளை நகர்த்தாது. வாந்தி அதிகமாக இருந்தால் ஒன்றிரண்டு நாளைக்கு ஸ்டெமெடில் போன்றது உதவும், அதில் தப்பில்லை. ஆனால் ஸ்டெமெடிலையோ சின்னரிசினையோ பெரியவர்கள் மாதக்கணக்கில் விழுங்கினால் கை நடுக்கமும் நடையில் இறுக்கமும் வரலாம், பார்க்கின்சன் நோய் மாதிரியே. அதற்கு வேறு வைத்தியம் பார்க்கக் கிளம்புவார்கள். அம்மா ஏற்கெனவே நாள்பட இவற்றைச் சாப்பிடுகிறார் என்றால் மருத்துவரிடம் அதைத் தவறாமல் சொல்லுங்கள். சுக்குக் கஷாயமும் இஞ்சிச் சாறும் குமட்டலுக்கு இதமாக இருக்கும், குடிக்கட்டும். சுற்றல் அதனால் நிற்காது.

ஒன்றுமே செய்யாமல் விட்டாலும் பல பேருக்குச் சில வாரங்களில் தானாகச் சரியாகிவிடும். அந்தச் சில வாரங்களுக்குள் குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் என்ன செய்வது? அதனால்தான் காத்திருக்க வேண்டாம் என்கிறேன். அதுவரை இரண்டு தலையணை வைத்துப் படுக்கட்டும். எழும்போது ஒருக்களித்து, உட்கார்ந்து, கொஞ்சம் நிதானித்து எழட்டும். பரணில் இருந்து எதையும் அண்ணாந்து எடுக்க வேண்டாம், குனிந்து கோலம் போட வேண்டாம், இரவில் கழிவறைக்குப் போகும் வழியில் விளக்கு எரியட்டும்.

மறுபடி வருமா என்றால், வரலாம். சில வருடங்களுக்குள் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குத் திரும்புகிறது. வந்தால் அதே முறைதான், அதே பலன்தான், பயப்பட ஒன்றுமில்லை. வைட்டமின் டி அளவை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். தென் கொரியாவில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், வைட்டமின் டி குறைவாக இருந்தவர்களுக்கு அதையும் கால்சியத்தையும் கொடுத்தபோது சுற்றல் திரும்புவது குறைந்தது. இவ்வளவு வெயில் அடிக்கும் நம் ஊரிலும் வீட்டுக்குள்ளேயே இருக்கும் பெண்களுக்கு இந்தக் குறைவு சாதாரணம்.

அம்மாவைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இந்தப் பிரிவு உண்டு. எந்தப் பக்கம் புரண்டால் வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லி, படுக்க வைத்துப் பார்க்கும் சோதனையைச் செய்வார்களா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். சில மாத்திரைகள் கண்ணசைவை மறைத்துவிடும் என்பதால், முந்தின நாள் நிறுத்த வேண்டுமா என்று போனில் விசாரித்துக்கொள்ளுங்கள். சோதனையில் வாந்தி வரலாம், அதனால் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டாம். திரும்பும்போது பைக்கில் பின்னால் உட்கார வைக்காதீர்கள், ஆட்டோ பிடித்துக்கொள்ளுங்கள்.