அம்மா எந்தக் கூடாரத்தில்?

கேள்வி: நான் ஹட்டனுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். கொழும்பில் வேலை. பொங்கலுக்கு அடுத்த சனிக்கிழமை நண்பர்கள் 12 பேர் ஹோர்ட்டன் சமவெளியில் ஓர் இரவு தங்கப்போகிறோம். நான்கு பேர் படுக்கும் கூடாரம் மூன்று வாடகைக்குப் பேசிவிட்டேன். தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற அம்மாவும் வருவதால் சமையலுக்குக் கவலையில்லை. அவர் வேனில் படுத்துக்கொள்வார், குளிர் அவருக்குப் பழக்கம்தான். பிரச்சினை நண்பர்கள்தான். மூன்று பேர் காசு தர இழுக்கிறார்கள், ஒருவன் இரண்டு இரவு வேண்டும் என்கிறான். எல்லோரையும் எப்படிச் சமாளிப்பது?

பதில்: தம்பி, நண்பர்கள் விஷயம் இரண்டு வரி. ஒரு திகதி சொல்லுங்கள், அதற்குள் காசு தராதவர் வரவில்லை. இரண்டு இரவு வேண்டுமென்பவர் தனியாகப் போகட்டும். முடிந்தது.

இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். நாலு மூன்று பன்னிரண்டு. சரி. அம்மா எங்கே?

வேனில். அந்த வேனில் சாரதி எங்கே படுப்பார் என்று யோசித்தீர்களா? வனஜீவராசிகள் திணைக்களத்தில் முகாம் இடத்துக்கு முன்பதிவு செய்தபோது எத்தனை பேர் என்று எழுதினீர்கள்? 12 என்றுதான் எழுதியிருப்பீர்கள். அம்மா கூடாரத்திலும் இல்லை, பட்டியலிலும் இல்லை. சட்டி பானையோடு ஏற்றிவிட்டீர்கள்.

‘குளிர் பழக்கம்’ என்று எழுதியதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு, அட்டைக் கடியோடு மழையில் நின்று கொழுந்து பறிப்பது பழக்கம் இல்லை, வயிற்றுப்பாடு. சமவெளி 2,100 மீற்றருக்கு மேலே இருக்கிறது, ஹட்டனை விட 800 மீற்றர் உயரம். உங்கள் லயத்து வரிசை வீட்டில் இருக்கிற குளிரில் இன்னும் ஐந்து பாகை குறைத்துக்கொள்ளுங்கள். தை மாதத்தில் சில விடியற்காலைகளில் அங்கே புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். வேனின் தகரம் அந்தக் குளிரை அப்படியே உள்ளே இறக்கும். மூச்சுக்காற்று கண்ணாடியில் நீராகி ஆசனத்தில் சொட்டும். இருபத்தைந்து வயதுக்காரர்கள் ஸ்லீப்பிங் பேக்குக்குள், அம்மா சேலையைப் போர்த்திக்கொண்டு ஆசனத்தில்.

அப்புறம் சமையல். அந்த உயரத்தில் தண்ணீர் 93 பாகையிலேயே கொதித்துவிடும். கொதிக்கும், ஆனால் பருப்பு சீக்கிரம் வேகாது. பிரஷர் குக்கர் இல்லாமல் சாரதியோடு 14 பேருக்குச் சோறும் பருப்பும் ஆக்க, காற்றில் அணைகிற அடுப்போடு எவ்வளவு நேரம் மல்லுக்கட்ட வேண்டும் தெரியுமா? காட்டில் விறகு பொறுக்கவும் முடியாது, அது தேசியப் பூங்கா. “இன்னும் ஆகலையா ஆன்ட்டி?” என்று உங்கள் நண்பர்களில் ஒருவர் கேட்பார். அதைக் கேட்டுக்கொண்டு நீங்கள் எங்கே நிற்பீர்கள்?

இன்னொன்று. சனிக்கிழமை காலையில் வேலைக்கு ஆள் எடுக்கிற பெரட்டுக்கு அம்மா போகாவிட்டால் அன்றைய பேர் போச்சு, அந்த நாள் சம்பளம் இல்லை. தோட்டத்துப் பிள்ளைக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. காசு தர இழுக்கிற மூன்று பேரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். ஒரு நாள் சம்பளத்தை முன்கூட்டியே கொடுத்துவிட்ட ஒரே ஆள் அம்மாதான், அவர் பெயர்தான் கணக்கில் இல்லை.

அம்மா தானாக வருகிறேன் என்று சொன்னார் என்பீர்கள். பிள்ளை கேட்டால் எந்த அம்மா மறுப்பார்? மறுக்க மாட்டார் என்று தெரிந்துதானே கேட்டீர்கள்? வளர்த்த பிள்ளைக்கு அம்மாவிடம் எதையும் கேட்க உரிமை உண்டு என்பவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. சம்பாதிக்கத் தொடங்கிய நாளோடு அந்த உரிமை முடிந்தது, அதன் பிறகு கொடுக்கிற முறை உங்களுடையது.

அதற்காக அவரை வீட்டில் விட்டுவிட்டுப் போகச் சொல்லவில்லை. இத்தனை வருடம் மலையில் வேலை செய்தவர் சமவெளியின் ஓரத்தில் இருக்கிற உலக முடிவை (World's End) பார்த்திருக்கிறாரா? 800 மீற்றருக்கு மேல் செங்குத்தாக இறங்குகிற அந்த விளிம்பில் நின்று, கீழே யாரோ பறிக்கிற தேயிலை மலையை அவர் ஒரு தடவை மேலிருந்து பார்க்கட்டும். நாலாவது கூடாரம் ஒன்று எடுங்கள், துணைக்குச் சித்தியையோ பெரியம்மாவையோ கூப்பிடுங்கள், முன்பதிவைத் திருத்துங்கள். சோற்றை நீங்கள் 12 பேரும் முறை வைத்து ஆக்குங்கள். வாசலில் பைகளைத் திறந்து பார்ப்பார்கள், பொலித்தீனில் எதையும் கட்டிக்கொண்டு போகாதீர்கள்.

மறுநாள் விடிந்ததும் நடக்கத் தொடங்குங்கள், ஒன்பது பத்து மணிக்கெல்லாம் மூட்டம் ஏறிப் பள்ளத்தை மறைத்துவிடும். சுற்றி வர 9 கிலோமீற்றருக்கு மேல், கல்லும் சேறுமான பாதை. ரப்பர் செருப்போடு கூட்டிப் போகாதீர்கள், ஒரு சப்பாத்து வாங்குங்கள். அளவைக் கேட்டால் “எனக்கு எதுக்கு” என்பார். வாசலில் கிடக்கிற செருப்பைத் திருப்பிப் பாருங்கள். இலக்கம் தேய்ந்திருந்தால், அதன் நீளத்துக்கு ஒரு நூலை வெட்டி எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.