தக்காளி சிவந்த பிறகு பேரம் இல்லை: தொழிற்சாலைக்குக் கொடுக்கும் தக்காளி பற்றிய கேள்வி பதில்

பதினேழு வருடம் ஒரு சோஸ் தொழிற்சாலைக்குத் தக்காளி கொள்வனவு செய்தவன் நான். விடியப்புறம் மூன்று மணிக்குக் கொழும்பின் மொத்த மரக்கறிச் சந்தையான மெனிங் சந்தை, ஒன்பது மணிக்குத் தொழிற்சாலை வாசல் தராசு, அதுதான் என் நாள். சந்தை புறக்கோட்டையிலிருந்து பேலியகொடைக்குப் போனபோது நானும் கூடவே போனேன். இப்போது வெள்ளவத்தையில் வீட்டோடு இருக்கிறேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து கற்றது இந்தப் பக்கம் இருக்கும் விவசாயிகளுக்குப் போய்ச் சேரட்டும் என்றுதான் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

வெலிமடையிலிருந்து: அண்ணே, சந்தையில கிலோ 200க்கு மேல போகுது. தொழிற்சாலைக்காரர் 80 ரூபா சொல்றாங்க. இது பகல் கொள்ளை இல்லையா?

கோபம் நியாயம்தான். ஆனால் அவர் 80 சொல்வதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது தம்பி. அதைத் தெரிந்துகொண்டு பேசினால்தான் அந்த 80ஐ அசைக்கலாம்.

தொழிற்சாலை வாங்குவது தக்காளியை அல்ல, அதற்குள் கரைந்திருக்கும் சீனி, புளிப்பு முதலான திடப்பொருளைத்தான். அதை பிரிக்ஸ் என்ற அளவில் பார்ப்பார்கள், நூறு கிராம் சாற்றில் எத்தனை கிராம் கரைந்திருக்கிறது என்பதுதான் அது. பழத்தை வெட்டி ஒரு சொட்டுச் சாற்றைக் கைக்கருவியின் கண்ணாடியில் விட்டு, மூடியை அழுத்தி, வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால் நீலமும் வெள்ளையும் பிரியும் இடத்தில் எண் தெரியும். மழைக்குப் பிறகு பறித்த பழத்தில் அது 4க்குக் கீழே நிற்பதை எத்தனையோ காலை பார்த்திருக்கிறேன். வெயிலில் முற்றி, கொடியிலேயே சிவந்த பழம் 5 காட்டும்.

சோஸுக்கு அடிப்படையான கெட்டித் தக்காளி விழுது, அதாவது பேஸ்ட், 30 பிரிக்ஸில் ஒரு கிலோ எடுக்க, 5 காட்டும் பழம் என்றால் 6 கிலோ போதும். 4 என்றால் ஏழரைக் கிலோ வேண்டும். மீதியெல்லாம் தண்ணீர். அதைக் காசு கொடுத்து எரிபொருள் வாங்கி ஆவியாக்க வேண்டும். கொள்வனவு அதிகாரியின் மேசையில் இன்னொரு தாளும் இருக்கும்: வெளிநாட்டுப் பேஸ்ட் பீப்பாய் கொழும்புத் துறைமுகத்தில் தீர்வையோடு கிலோ என்ன விலை என்பது. அந்த விலையில் எரிபொருள், கூலி, பொதி செலவைக் கழித்து, மிச்சத்தை ஆறாலோ ஏழரையாலோ வகுத்தால் வருவதுதான் அவர் தரக்கூடிய உச்சம். அவர் முதலில் வாய் திறந்து சொல்லும் விலை ஒருநாளும் அந்த உச்சம் அல்ல. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் உங்கள் பேரம் நடக்க வேண்டும்.

பம்பலப்பிட்டியிலிருந்து ஒரு பல்கலைக்கழக மாணவி: கலிபோர்னியாவில் விவசாயிகள் சேர்ந்து விலை பேசுகிறார்களாமே? அது எப்படி?

மகள், நல்ல கேள்வி. அமெரிக்காவின் பதனிடும் தக்காளியில் 90 சதவீதத்துக்கு மேல் அந்த ஒரு மாநிலத்தில்தான் விளைகிறது. கலிபோர்னியா தக்காளி விவசாயிகள் சங்கம் 1947இல் தொடங்கியது. வரப்போகும் பருவத்துக்கான விலையைத் தொழிற்சாலைகளோடு அந்தச் சங்கம்தான் பேசுகிறது. 2022இல் தொன்னுக்கு 105 டொலர், 2023இல் 138, 2024இல் 112.50.

அவர்களுடைய தொன் 907 கிலோ. அப்படியானால் 138 டொலர் என்பது கிலோவுக்கு 15 அமெரிக்க சதம். டொலரை 300 ரூபாவாக வைத்தால் 45 ரூபா. அவர்களுக்கு அதுவரை கிடைத்ததில் அதுதான் உச்ச விலை! ஏக்கருக்கு 50 தொன் அளவில் எடுப்பதாலும், இயந்திரம் ஒரே தடவையில் அறுப்பதாலும்தான் அது கட்டுப்படியாகிறது.

138 ஏன் கிடைத்தது? வறட்சி ஆண்டுகளில் தண்ணீர் இல்லாமல் நடுகை குறைந்தது, களஞ்சியங்களில் பேஸ்ட் வற்றியது, தொழிற்சாலைகளுக்குப் பழம் அவசரமாகத் தேவைப்பட்டது. சங்கம் அந்த நேரத்தைச் சரியாகப் பிடித்தது. அடுத்த பருவத்துக்குள் பல நாடுகள் கூடுதலாக நட்டன. 2024இல் உலகம் முழுக்க 450 இலட்சம் தொன்னுக்கு மேல் பதனிடப்பட்டது, சீனாவிலும் விளைச்சல் குவிந்தது. விலை இறங்கியது. சங்கம் இருந்தும் இறங்கத்தான் செய்தது. ஆனால் ஒவ்வொரு விவசாயியும் தனித்தனியாகப் போய் நின்றிருந்தால் விலை எங்கே போய் நின்றிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பேஸ்ட் பீப்பாயில் இரண்டு வருடம் கூடக் கிடக்கும். பழுத்த தக்காளி நான்கு நாள் கிடக்காது. பொறுத்திருக்கக்கூடியவன் பக்கம்தான் விலை சாயும்.

சட்டமும் அவர்களுக்கு உண்டு. விவசாயிகள் சேர்ந்து விற்பது ஏகபோகக் குற்றம் ஆகாது என்று 1922ஆம் ஆண்டின் கேப்பர்-வோல்ஸ்டெட் சட்டம் சொல்கிறது. சங்கத்தில் சேர்ந்தவனைக் கொள்வனவாளர் ஓரங்கட்டக்கூடாது என்பதற்கு 1967ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் சங்கத்தோடு பேசியே ஆகவேண்டும் என்று அந்தச் சட்டம் தொழிற்சாலையைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே அங்கேயும் பலம் என்பது எத்தனை ஏக்கர் சங்கத்துக்குள் இருக்கிறது என்பதில்தான்.

ஒரு கசப்பையும் சொல்லிவிடுகிறேன். 1960களில் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் அறுவடை இயந்திரமும் அதற்கு ஈடுகொடுக்கும் தடித்த தோல் இனமும் உருவானபோது அந்த மாநிலத்தில் ஏறத்தாழ 4,000 தக்காளி விவசாயிகள் இருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் அது 600 அளவுக்குச் சுருங்கியது. இயந்திரம் வாங்க வசதி இல்லாதவர்கள் போய்விட்டார்கள். அந்த நாட்டைப் பார்த்துப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஹட்டனிலிருந்து: அப்போ இது நம்ம தோட்டத்து கூட்டு ஒப்பந்தம் மாதிரிதானே அண்ணே?

பெயர் ஒன்று, ஆள் வேறு. தோட்டத்துக் கூட்டு ஒப்பந்தம் தொழிற்சங்கங்கள் கம்பனிகளோடு சம்பளம் பேசிப் போட்டது. அங்கே தொழிலாளி உழைப்பை விற்கிறார். அவருக்கு 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டம் இருக்கிறது. தக்காளிக்காரர் பொருளை விற்பவர், அந்தச் சட்டம் அவருக்கு உதவாது. கமநல சேவை நிலையத்தில் கமக்காரர் அமைப்பாகப் பதியலாம், அதற்கு 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் உண்டு. இல்லையென்றால் கூட்டுறவுச் சங்கம். பதிவு இருந்தால் வங்கிக் கணக்கு வரும், அமைப்பின் பெயரில் ஒப்பந்தம் எழுதலாம்.

2021இல் சம்பள நிர்ணய சபை நாட்சம்பளம் 1000 ரூபா என்று தீர்மானித்ததும் கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தை விட்டு விலகியது உங்களுக்கு நினைவிருக்கும். ஒப்பந்தம் என்பது ஒரு பக்கம் எழுந்து போனால் முடிந்துவிடும். அதனால்தான் தொழிற்சாலைக்கும் அதில் ஏதோ கிடைக்கும்படி எழுதச் சொல்கிறேன்: பிரிக்ஸ், வாராவாரம் இத்தனை தொன், கழுவிய பெட்டி.

மாத்தளையிலிருந்து: 90 ரூபாவுக்கு ஒப்பந்தம் போட்ட ஆட்களே, சந்தையில் 210 ஆனதும் இரவோடு இரவாகத் தம்புள்ளைச் சந்தைக்கு ஏத்திவிட்டார்கள். இவர்களை வைத்து என்ன சங்கம் அமைப்பது?

இதுதான் நம்முடைய நோய். வாங்குபவனாக இருந்தபோது இதனால் நான் பட்ட அவஸ்தை கொஞ்சமல்ல. லொறி வரும் என்று காத்திருந்து, நாற்பது தொழிலாளர் சும்மா நின்ற நாட்கள் உண்டு. ஆனாலும் அந்த விவசாயிகளை ஏச எனக்கு மனம் வரவில்லை. பிள்ளையின் வகுப்புக் கட்டணம் வீட்டில் நிற்கும்போது 210ஐ விட்டு 90க்கு யார் கொடுப்பார்?

கலிபோர்னியாவில் இந்தச் சோதனையே இல்லை. அந்தத் தடித்த பழத்தைச் சந்தையில் யாரும் வாங்கமாட்டார்கள். நம்முடைய பழம் இரண்டு பக்கமும் போகும். ஆகவே ஒப்பந்தத்தை அதற்கேற்ப எழுத வேண்டும். ஒரு எடுத்துக்காட்டு: விளைச்சலில் 60 சதவீதம் தொழிற்சாலைக்கு, 40 உங்கள் விருப்பம். அடிமட்ட விலை 90, சந்தை 20 ரூபாவுக்கு விழுந்தாலும் 90. பேலியகொடையின் வாரச் சராசரி 150ஐத் தாண்டினால், தாண்டிய தொகையில் மூன்றில் ஒன்று உங்களுக்கு. 210 ஆனால் 60 ரூபா தாண்டியிருக்கிறது, அதில் 20 உங்களுடையது, ஆகவே 110. சந்தைக்குக் கொண்டுபோனால் லொறிக் கூலி, பெட்டி, தரகு, அடியில் நசுங்கிய பழம் எல்லாம் போக மிச்சம்தான் அந்த 210இல் கைக்கு வரும்.

சந்தை விலை என்னவென்று சண்டை பிடிக்கவும் தேவையில்லை. கொழும்பில் இருக்கும் ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகம் மொத்த விலைகளை வெளியிடுகிறது, மத்திய வங்கியும் வெளியிடுகிறது. எந்த விலையைப் பார்ப்பது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதினால் போதும்.

தெனியாயவிலிருந்து: எங்கட தேயிலைக் கொழுந்துக்கு இப்படித்தானே ஒரு சூத்திரம் இருக்கு?

ஆமாம், நான் இந்த யோசனையைப் பிடித்ததே அங்கிருந்துதான். கொழும்பு ஏலத்தில் தேயிலை போன விலையை வைத்து, கொழுந்து கொடுத்தவருக்கு நூற்றுக்கு 68, தொழிற்சாலைக்கு 32 என்று பங்கு. சிறு தோட்டக்காரர் ஒவ்வொரு மாதமும் தொழிற்சாலை வாசலில் போய்க் கெஞ்சத் தேவையில்லை. தக்காளிக்கு ஏலம் இல்லை, ஆனால் பேலியகொடை இருக்கிறது.

சுன்னாகத்திலிருந்து: அண்ணை, நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோ கழிவு எண்டு வெட்டுறாங்கள். விலையைக் கூட்டி என்ன, தராசில போயிடுதே?

பத்துக் கிலோ கழிவு என்றால் விலை பத்து சதவீதம் குறைந்தது என்றுதான் அர்த்தம். முதலில் இதைப் பேசுங்கோ, பிறகு விலையைப் பேசலாம்.

கலிபோர்னியாவில் லொறி தொழிற்சாலைக்குள் போகும் முன் தரப்பரிசோதனை நிலையத்தில் நிற்கும். இரு தரப்புக்கும் பொதுவான ஒரு சபையின் ஆட்கள் மாதிரி எடுத்து, பூஞ்சணம், புழு, பச்சைக் காய், மண் எவ்வளவு என்று நிறுத்து எழுதுவார்கள். அந்தத் துண்டில் உள்ளதற்கு மேல் ஒரு இறாத்தல் கூட வெட்ட முடியாது.

நம்மிடம் அப்படி ஒரு சபை இல்லை. ஆனால் ஒரு குழு செய்ததை என் கண்ணால் பார்த்தேன். ஒருநாள் ஆறு பேர் தங்கள் சொந்தத் தராசோடு வாசலுக்கு வந்தார்கள். ஒவ்வொரு பத்தாவது பெட்டியையும் தார்ப்பாயில் கொட்டி, கெட்டதைத் தனியாகப் பொறுக்கி, நிறுத்து, என்னிடம் கையெழுத்துக் கேட்டார்கள். நூற்றுக்கு நான்குதான் வந்தது. அதுவரை நாங்கள் எட்டு வெட்டிக்கொண்டிருந்தோம். அன்றைக்குக் கையெழுத்துப் போட்டபோது எனக்கு முகம் நிமிரவில்லை.

நுவரெலியாவிலிருந்து: ரொம்ப அழுத்தினா தொழிற்சாலையை மூடிட்டுப் போயிடுவாங்களே?

போகலாம். கனடாவின் ஒன்டாரியோவில் விவசாயிகள் சபைக்குச் சட்டபூர்வமான பேரப் பலம் உண்டு. அப்படியிருந்தும் லீமிங்டனில் நூறு வருடத்துக்கு மேல் இருந்த ஹெய்ன்ஸ் தொழிற்சாலை 2014இல் மூடப்பட்டது. பிறகு வேறொரு நிறுவனம் அதே கட்டடத்தில் வேலையைத் தொடர்ந்தது. நாம் பார்க்க வேண்டியது, ஒரே ஒரு கொள்வனவாளரை நம்பி முழு ஊரும் தக்காளி நடக்கூடாது என்பதை.

பண்டாரவளையிலிருந்து: நாங்க மொத்தம் 11 பேர்தான். இது ஒரு சங்கமா?

ஒரு லொறியை நிரப்ப முடிகிறதா? அப்படியென்றால் போதும். கொள்வனவு அதிகாரிக்குத் தலைக்கணக்கு வேண்டாம், லொறிக்கணக்குத்தான் வேண்டும். திங்கட்கிழமை ஒன்று, வியாழக்கிழமை ஒன்று, தவறாமல் வரும் என்று உங்களால் சொல்ல முடிந்தால் அவர் கதிரை போட்டு உட்காரவைப்பார். அதற்கு நடுகையை ஒருவருக்கொருவர் இரண்டு வாரம் தள்ளி வையுங்கள், எல்லாரும் ஒரே கிழமையில் நாற்று வைக்காதீர்கள். நாற்று மண்ணில் இறங்கும் முன்பே பேசிக் கையெழுத்து வாங்குங்கள். முதல் சந்திப்புக்கு மூன்று பேர் போனால் போதும். கணக்குக் கொப்பி ஒன்று, பிரிக்ஸ் பார்க்கும் கருவி ஒன்று, அன்று காலை பறித்த பழம் ஒரு பெட்டி, இவ்வளவும் கையில் இருக்கட்டும்.